படுக்கையின் வலப்பக்கம்

நாங்கள் எல்லைக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. சுவர்கள் மட்டும் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. பிரனீஸ் மலையில் குளிர்காலத்தின் வாசனை முதலில் கல்லில்தான் தெரியும். கோவேறு கழுதையிலிருந்து என் எஜமானி கார்சென்டாவைக் கைகொடுத்து இறக்கினேன். காலைத் தரையில் வைத்ததும், தன் மகள் இருக்கும் ஊர் எந்தத் திசை என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு மலையைக் காட்டினேன்.

பால்பல் விழும் வயதிலிருந்து நான் தலைவாரிவிட்டவள். அதனால் பிரபு வீட்டுப் பெண்ணை அவள் இவள் என்று சொல்வதற்கு யாரும் என்னைக் கோபிக்க வேண்டாம்.

அவளை மணக்கோலத்தில் நான் பார்ப்பது அது மூன்றாவது தடவை. முதல் கல்யாணம் ஒரு பாலத்துக்காக. மாப்பிள்ளைக்குப் பல் போய், ரொட்டியைச் சாற்றில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் இறங்கும். அவர் போய்ச் சேர்ந்தபோது, அழ வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டாள். அவ்வளவு சின்னவள். இரண்டாவது, ஒரு கணவாய்க்காக. அந்த மனிதர் நல்லவர், குதிரையிலிருந்து விழுந்து செத்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி விதவை பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளை அப்பன் வீட்டாரோடு இருக்க வேண்டும். மகள் சான்சாவை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். குழந்தைக்கு அப்போது பேச்சுகூடத் திருந்தவில்லை.

இந்த மூன்றாவது, மேய்ச்சல் நிலத்துக்காக. கார்சென்டாவின் அண்ணன் ரோஜர் பிரபுவுக்கும் மலைக்கு அந்தப்புறம் இருக்கும் பெரெங்கர் பிரபுவுக்கும் ஆட்டு மந்தைகளை வைத்து ஆரம்பித்த சண்டை, ஆட்களை வெட்டுவதில் வந்து நின்றது. சமாதானத்துக்குத் தங்கையைக் கொடுப்பதாக அண்ணன் பேசி முடித்துவிட்டார். இந்த ஒரு தடவை சரி என்று சொல், பனி உருகியதும் உன் மகளைக் கொண்டுவந்து உன்னிடம் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அவள் சம்மதித்தது அதற்காக மட்டும்தான்.

மாப்பிள்ளை நேரில் வரவில்லை. கணவாயைப் பனி மூடுவதற்குள் காரியம் முடிய வேண்டும் என்று தன் வீரன் ஒருவனிடம் மோதிரத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். பெரிய இடங்களில் இது நடப்பதுதான். மாப்பிள்ளைக்குப் பதிலாக வந்தவன், உடுத்திய உடையோடு மணப்பெண்ணின் கட்டிலில் படுப்பான். ஒரு காலை மட்டும் முழங்கால் வரை வெறுங்காலாக்கிப் போர்வைக்குள் நீட்டி அவள் காலைத் தொடுவான். பாதிரியார் ஆமென் சொல்வார். அதோடு கல்யாணம் கெட்டியாகிவிட்டது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அந்த ஒரு காலை நம்பி ஊர்களே கைமாறியிருக்கின்றன.

நடுப்பகலில்தான் சடங்கு நடந்தது. சாட்சிகளுக்குத் தெரிய வேண்டுமே என்று ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். கார்சென்டா கட்டில் நடுவில் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். வீரன் இடப்பக்கம் ஏறிப் படுத்தான். பாவம், அவனுக்கே வெட்கம், காது சிவந்திருந்தது. நான் கால்மாட்டில் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் உதடு அசைந்தது. குனிந்தேன்.

"ஆல்டா, இந்தப் பக்கம் யாரு?"

அவள் கண் வலப்பக்கம் போனது. வலப்பக்கம் சுவர். கட்டிலுக்கும் அதற்கும் நடுவே பூனைகூட நுழைய முடியாது.

போர்வையைச் சரிசெய்வதுபோல உள்ளே கையை விட்டேன்.

ஈரம்.

ஆற்றுச் சேற்றின் வாடை குப்பென்று அடித்தது. விரலில் ஏதோ பட்டது. நாளெல்லாம் துணி துவைத்த கைபோல ஊறிச் சுருங்கிய தோல். பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

அது ஒரு பாதம்.

என் கை பட்டதும், இடம் விடுவதுபோல அது கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டது.

பாதிரியார் ஆமென் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஈரக் கையை நான் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் மெத்தையின் வலப்பக்கம் நனைந்திருக்கும். வைக்கோலை நெருப்பருகே காய வைப்பேன், மறுநாளும் அப்படியே. அந்தப் பக்கம் இருப்பவர் எதுவும் செய்வதில்லை, சும்மா படுத்திருக்கிறார் என்றாள் கார்சென்டா. அவளுக்கு உதடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது.

பிறகுதான் சேதி வந்தது. மோதிரத்தோடு வீரனை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது பெரெங்கர் பிரபுவின் குதிரை ஆற்றுத் துறையில் இடறியிருக்கிறது. நாங்கள் இங்கே ஆமென் சொன்ன நேரத்தில் அவர் அங்கே தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறார்.

ரோஜர் பிரபு அன்று மாலையே வந்தார். செத்தவனோடு நடந்தது கல்யாணமாகாது, செல்லாது என்று பாதிரியாரும் தயங்கித் தயங்கிச் சொன்னார். செல்லாது என்றால் அவள் விதவைகூட இல்லை. விதவைக்குத் துக்கம் காக்க ஒரு வருஷமாவது கிடைக்கும், இவளுக்கு அதுவும் கிடையாது. பெரெங்கருக்கு மனைவியை இழந்த தம்பி ஒருவன் இருக்கிறான், அவனுக்குத் தயாராக இரு என்றார் அண்ணன். சான்சாவைப் பற்றிக் கேட்டாள். கல்யாணமே ஆகவில்லை, அப்புறம் என்ன வாக்கு என்றார்.

"கல்யாணம் ஆயிடுச்சு அண்ணா. அவரு வந்திருந்தாரு. இப்பவும் வர்றாரு" என்றாள் அவள்.

நானும் முன்னால் போய், கையால் தொட்டேன் என்று சொன்னேன். சிலுவைமேல் சத்தியம் செய்தேன். முத்திரை மோதிரம் பூண்ட பெரிய வீட்டு ஆண்கள் சொன்னால்தான் சாட்சியாம். ரோஜர் பிரபு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கட்டில்ல யாரு படுத்தாங்கன்னு வேலைக்காரிங்க சாட்சி சொல்ல ஆரம்பிச்சா, நாட்டுல பாதிக் கல்யாணம் கவுந்துடும் ஆல்டா."

எனக்கு எரிந்தது. ஆனால் எரிந்து என்ன செய்ய?

தம்பிக்காரர் நேரிலேயே வந்தார், பனியை மிதித்துக்கொண்டு, நிறையக் குடித்துவிட்டு. அதே கட்டில், அதே ஜன்னல், அதே ஆமென். சாட்சிகளைப் பார்த்து இளித்தபடி இடப்பக்கம் படுத்துக் காலை உள்ளே நீட்டினார். இளிப்பு அப்படியே நின்றது. சத்தமில்லாமல் எழுந்து உட்கார்ந்தார். கணுக்காலிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அங்க எனக்கு இடம் இல்ல" என்றார் ரோஜரிடம். இறங்கி வெளியே போய்விட்டார்.

தப்பித்தோம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான். ஒரு மலைச்சரிவை விட்டுக்கொடுத்து, சான்சாவை அவள் அப்பன் வீட்டாரிடமிருந்து ரோஜர் பிரபு பனி உருகும் முன்பே வரவழைத்துவிட்டார். நினைத்திருந்தால் இத்தனை வருஷத்தில் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கலாம். முற்றத்தில் குழந்தையை இறக்கியதும் கார்சென்டா காலணிகூடப் போடாமல் ஓடினாள். குழந்தைக்கு இவள் யாரென்றே தெரியவில்லை. குதிரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"சொன்னேன், கொண்டுவந்துட்டேன்" என்றார் அண்ணன். "பெரெங்கரோட தம்பிக்கு ஒரு பையன் இருக்கான். ரெண்டும் சின்னதுங்க, இப்போதைக்கு நிச்சயம் மட்டும். அப்புறம் பொண்ணு அவங்க வீட்டுல வளரட்டும்."

அவள் கத்தவில்லை. கத்தி என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அறைக்குள் வந்து, கட்டில்மேல் ஏறி மண்டியிட்டு, மெத்தையின் நனைந்த வலப்பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"நீங்க என் புருஷன். எவன் இல்லேன்னு சொன்னாலும் நீங்கதான். அப்ப அவ உங்களுக்கும் மக. அப்பன் குடுத்தாத்தானே பொண்ணு போகும்? குடுக்காதீங்க. அவளை விட்டுடாதீங்க."

மறுநாள் காலை, முதல் தடவையாக, மெத்தை காய்ந்திருந்தது.

நிச்சயம் கோட்டைத் தேவாலயத்தில் நடந்தது. வழக்கப்படி, பெண்ணுக்குப் பெரியவர் அவளுடைய வலது கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரின் கையில் வைக்க வேண்டும். தம்பிக்காரர் கையை நீட்டியபடி நின்றார். ரோஜர் பிரபு சான்சாவின் கையை எடுக்கக் குனிந்தார்.

கை அங்கே இல்லை.

அது ஏற்கெனவே மேலே உயர்ந்திருந்தது. உயரமான ஒருவரோடு நடந்து போகும் குழந்தையின் கைபோல, தோளுக்கு மேலே, விரல்கள் எதையோ பற்றியபடி.

மணிக்கட்டிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் சட்டைக்கைக்குள் ஓடியது.

ரோஜர் பிரபு இழுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. தம்பிக்காரர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார், திரும்பாமல் பின்னோக்கியே நடந்து வாசலைத் தாண்டினார். அவருடைய ஆட்களும் போய்விட்டார்கள். குதிரைகள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நான் கார்சென்டாவைப் பார்த்தேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஆல்டா, அண்ணன் செஞ்சதையேதானே நானும் செஞ்சிருக்கேன்? அவளை ஒரு வார்த்தை கேக்கல. ஒரு ஆம்பளை கையில புடிச்சுக் குடுத்துட்டேன்."

மடியில் சாய்த்துக்கொள்ள எனக்கு அவள் இன்னும் சின்னப் பெண்தான், ஆனால் அங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சான்சா கஷ்கொட்டைக் கஞ்சியை இடது கையால் குடித்தாள். வலது கை மேஜை ஓரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கியபடியே இருந்தது. விரல் நுனிகள் நீலமாகிவிட்டிருந்தன. கல்தரையில் சிறு குளம் தேங்கியிருந்தது.

கார்சென்டா அந்த ஈரத்தில் மண்டியிட்டாள். போதும், அவர்கள் போய்விட்டார்கள், விட்டுவிடுங்கள் என்று காலியான இடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். என்னிடம் வந்துவிடுங்கள், அதே பக்கத்தில் இடம் வைத்திருக்கிறேன் என்று கெஞ்சினாள். குழந்தை கரண்டியை வைத்துவிட்டு மேலே நிமிர்ந்து பார்த்தது, யாரோ சொல்வதைக் கேட்பதுபோல. பிறகு கார்சென்டாவின் பக்கம் திரும்பியது.

"அவரு விட மாட்டேங்கிறாரும்மா" என்றது.

அம்மா என்று அது கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.