உள்ளே இருப்போர்: ஏழு

உறைபனிக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சாயங்காலமே வெளியேறிவிட்டார்கள். ஆனாலும் கணினித் திரையில், கணக்கு ஷீட்டின் கடைசிச் செல்லில் ‘உள்ளே இருப்போர்: 7’ என்று நின்றது.

அமோனியா வாடையும் ஈர அட்டைப்பெட்டிகளின் புழுங்கல் நாற்றமும் மூக்கைக் கரிக்க, குளிரூட்டும் எந்திரத்தின் உறுமல் சுவர் வழியே வந்து பல்லுக்குள் இறங்க, கதவோரச் சிற்றறையில் உட்கார்ந்திருந்த கண்ணாடியக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். ஏழுதான். கதவிலிருக்கும் சென்சார் ஆள் நுழைந்தால் ஒன்று கூட்டும். வெளியேறினால் ஒன்று கழிக்கும். பூஜ்யம் வந்தால்தான் பூட்டலாம்.

“இன்னும் பூட்டலையாம்மா?” மேனேஜர் வந்து நின்றார்.

“ஏழு காட்டுது சார்.”

“சென்சாருக்குக் கிறுக்கு. வழக்கம்போல பூஜ்யத்தைத் தட்டிட வேண்டியதுதான்.”

அதுதான் வழக்கம். ஒவ்வொரு வரியும் மேல்வரியோடு கூட்டிக்கொண்டு போகும் பழைய ஷீட்டில், மாலையில் ஆள் மீதி நின்றால் மேனேஜரே கடைசிச் செல்லில் பூஜ்யத்தை அடிப்பார். மறுநாள் கணக்கு அந்தப் பூஜ்யத்திலிருந்து பிறக்கும். இன்று மதியம் அவள் அதை மாற்றிவிட்டாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, தனியாக ஒரு செல்லை மட்டும் மாற்ற விடாத ஒரே அரே ஃபார்முலா கூட்டியது. நடுவில் அவர் அடித்த பூஜ்யங்கள் அத்தனையும் போயின; அவை இத்தனை நாளாய் மறைத்த ஆட்கள் ஒன்றுசேர்ந்து ஏழாக நின்றார்கள்.

அவர் குனிந்து பூஜ்யத்தை அடித்தார். ‘அரேயின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற முடியாது’ என்றது திரை.

“என்ன பண்ணி வெச்சிருக்க?”

“இனிமே நடுவுல கை வைக்க முடியாது சார்.”

“நானே உள்ள போய்ப் பாத்துட்டேன். ஈ காக்கா இல்ல.”

“என் தம்பி சொல்லாம கொள்ளாம ஓடிட்டான்னு சொன்னீங்களே. அவன் கடைசியா வேலைக்கு வந்த அன்னிக்கு உள்ள போனது இங்க இருக்கு. வெளிய வந்தது எங்க சார்?”

அவர் முகம் வெளுத்தது. “வாய் ரொம்ப நீளுது. வேலை வேணுமா, வேணாமா?”

“வேணாம்.”

அவளைத் தள்ளிவிட்டுப் போய் அவர் கிடங்குக் கதவைச் சாத்த முயன்றார். அவள் ஓடிப்போய்க் கதவு நிலையில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

“நகரு!”

“மாட்டேன். இன்னிக்கு யாரையும் உள்ள வெச்சுப் பூட்ட விடமாட்டேன்.”

எந்திரம் நின்றது.

அந்த நிசப்தத்தில், அடுக்குகளுக்கு அப்பால், இருட்டுக்குள், நகத்தால் பனியைச் சுரண்டும் ஓசை. நின்றது. மறுபடி கேட்டது. இன்னும் கிட்டத்தில். மேனேஜர் கதவை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்.

சென்சார் கீச்சிட்டது.

ஆறு.

யாரும் தெரியவில்லை. அவள் தோளை மட்டும் ஒரு குளிர் உரசிக்கொண்டு போனது. ஓடு என்றது உடம்பு. அவள் ஓடவில்லை.

“வாங்கப்பா,” என்றாள். “கதவு தொறந்துதான் இருக்கு.”

கீச். கீச். நாலு.

மூன்று.

கீச்.

கீச்.

கடைசியாக வந்தது அவள் பக்கத்தில் ஒரு மூச்சு நேரம் தயங்கியது. அவள் கண்ணாடியில் பனி பூத்தது. பிறகு அதுவும் கடந்துபோனது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அவள் திரையைப் பார்த்தாள்.

“பூஜ்யம் வந்திருச்சு சார். இப்பப் பூட்டலாம்.”

திரும்பினாள்.

சுவரோடு ஒட்டி நின்றிருந்தார் மேனேஜர். வாய் திறந்திருந்தது, அதிலிருந்து மூச்சின் ஆவி வரவில்லை. இமை மயிர்களில் வெள்ளை மெல்ல மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது. அவர் எதிரே, சிமெண்டுத் தரையில், பிறை வடிவில் ஏழு ஜோடி உறைபனிக் காலடிகள். எல்லா விரல்களும் அவரைப் பார்த்தபடி.