ம் கொட்டும் நாற்காலி

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தது மாமியார். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது குற்றச்சாட்டு. கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் அவள் ஏன் அத்தனை பேசப் போகிறாள்? கட்டிக்கொண்டவனோ, வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "சரி, சரி" என்கிற ரகம். இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன ஒரு கதைக்காவது அவன் ம் கொட்டியதில்லை.

அந்த வாய்தான் அவளுக்குச் சோறு போட்டது. சோப்பு, சீப்பு, கட்டில், மெத்தை என்று எல்லா விளம்பரத்துக்கும் குரல் கொடுத்தவள். இப்போது கம்ப்யூட்டரே குரல் கொடுத்துவிடுகிறது, ரேடியோவைக் கூப்பிடுவாரில்லை. கடைசியாக வந்தது ஒரு தடிமனான நாவலை ஒலிப்புத்தகமாக வாசிக்கும் வேலை. ஏற்கெனவே வாசித்தவர் பாதியில் விட்டுவிட்டாராம். ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டவேண்டும். பதிப்பகத்துக்குப் பிடித்தால் புத்தகம் முழுக்க அவளுக்கு. பிடிக்காவிட்டால் குரலை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான்.

ஸ்டூடியோ ஒரு பழைய வீட்டின் பின்னறை. காலை வெயிலில் தெருவெல்லாம் ஒரே சத்தம். தடித்த கதவைச் சாத்தியதும் அத்தனையும் சட்டென்று நின்றது. ஈரத் துணியை மடித்து வைத்து மறந்துபோனால் வருமே, அந்த வாடை. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. நடுவில் மேஜை, மைக், ஹெட்போன், அவளுக்கு ஒரு நாற்காலி.

எதிரே இன்னொரு நாற்காலி. அதன் மேல் ஒரு மெத்தை. நடுவில் பள்ளம். யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி.

"இது யாருக்கு சார்?"

"முன்னாடி படிச்ச அக்கா போட்டது மேடம்," என்றார் சவுண்ட்காரர். தலை நரைத்த, கண்ணைப் பார்த்துப் பேசாத மனிதர். "ஊருக்கே படிக்கறோம்னு நினைச்சா மேடைப் பேச்சாயிடும், ஒருத்தருக்குப் படிக்கற மாதிரி படிக்கணும்னு சொல்வாங்க. அது அங்கயே இருக்கட்டும்."

"அவங்க ஏன் பாதியில விட்டாங்க?"

"உடம்புக்கு முடியல." ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். "அத்தியாயத்த முழுசா ஒருவாட்டி படிச்சிட்டுதானே வந்தீங்க?"

"எதுக்கு? விளம்பரமெல்லாம் தாளப் பார்த்ததுமே படிச்சிடுவேன்."

"இது விளம்பரம் இல்ல மேடம். சரி, தப்பு வந்தாலும் வாக்கியத்த முடிச்சிட்டு நிறுத்துங்க. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

"ஏன், வெட்டி ஒட்டக் கஷ்டமா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்களேன்."

அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. போகிற போக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார். அவருடைய மச்சினியும் இதே நாவலுக்கு வாசித்து அனுப்பியிருக்கிறாளாம். ஆஹா, சங்கதி அப்படிப் போகிறதா என்று நினைத்துக்கொண்டாள் ரேடியோ.

முதல் தடவை சில பக்கங்களை வெளுத்து வாங்கினாள். தொலைந்துபோன தம்பியைத் தேடி ஒருவன் ஊர் ஊராக அலைகிற கதை. கிழவருக்கு இருமினாள், சிறுமிக்குக் கொஞ்சினாள், போலீஸ்காரருக்கு உறுமினாள். அங்கே நிறுத்தி, பாராட்டை எதிர்பார்த்துக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்திருந்த சவுண்ட்காரரைப் பார்த்தாள்.

"நாடகம் மாதிரி இருக்கு மேடம்," என்றது ஹெட்போன். "சமைச்சுக்கிட்டே, பஸ்ல போய்க்கிட்டே மணிக்கணக்கா கேக்கறவங்க. ஆளுக்கொரு குரல்ல கத்தினா தலைவலி வந்துடும். கிழவர் இருமினார்னு எழுதியிருக்கில்ல, நீங்க வேற இருமணுமா?"

மச்சினி இருமமாட்டாளாக்கும் என்று உள்ளுக்குள் கருவினாள். கோபத்தில் நடிப்பெல்லாம் வடிந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து, வெறும் குரலில், வீட்டில் பேசுவதுபோல் வாசித்தாள்.

"பூட்டிய விடுதியின் கதவை அவன் தட்டினான். யாரும் வரவில்லை. மறுபடியும் தட்டினான்."

"ம்."

மெல்லிய சத்தம். படுத்துக்கொண்டே கதை கேட்கிற குழந்தை சொல்லுமே, அப்படி. சவுண்ட்காரர்தான் என்று நினைத்து மேலே வாசித்தாள்.

"ம்."

அந்தப் பக்கங்கள் முடிந்ததும் அவர் கேட்டார். "ஏன் மேடம் நடுநடுவுல ம் கொட்டறீங்க?"

"நானா? நீங்கதான்!"

இருவரும் கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் முகம் வெளுத்ததை அவள் பார்த்தாள். நன்றாக நடிக்கிறார் என்று முடிவு கட்டினாள். வாசிப்பைக் கெடுக்க அவரே அதை மெஷினில் சேர்க்கிறார். இல்லாவிட்டால் எங்கிருந்து வரும்?

அடுத்த சில பக்கங்களுக்குத் தன் போனை ரெக்கார்டிங்கில் போட்டுத் தாளுக்கடியில் ஒளித்து வைத்தாள். இடைவேளையில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கேட்டாள். அவள் குரலா இது? இத்தனை நிதானமாக, இத்தனை அருகில்? அவளுக்கே மேலே கேட்கவேண்டும் போலிருந்தது.

"ம்," என்றது போன். அவள் குரலைவிடக் கிட்டத்தில்.

மெஷின் இல்லை. அறைக்குள்ளேதான்.

எதிர் நாற்காலிக்கடியில் ஏதாவது சின்ன ஸ்பீக்கர் ஒளித்து வைத்திருப்பார். திரும்பி வந்து அதைத் தலைகீழாகப் புரட்டினாள். ஒன்றுமில்லை. மெத்தையைத் தடவினாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பயத்தைவிட வேலை பெரிது, வேலையைவிடச் சந்தேகம் பெரிது அவளுக்கு. கண்ணை அவர் மேலேயே வைத்துக்கொண்டு வாசித்தாள். குரலில் கொஞ்சம் நடிப்பு ஏறினால் அறை ஊமையானது. நேராகச் சொன்னால் ம் வந்தது. எங்கே வரவேண்டுமோ அங்கே வந்தது. சொன்னால் வெட்கக்கேடு, அவளுக்கு அது பிடித்திருந்தது. பிறந்ததிலிருந்து அவள் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

ஆனாலும் குட்டை உடைத்துவிடவேண்டும் என்று நினைத்தாள். அவர் டீக்கோப்பையை வாயில் வைக்கும்வரை காத்திருந்தாள். வாயில் டீ இருக்கும்போது எப்படி ம் கொட்டுகிறார் பார்க்கலாம்.

"கதவு லேசாகத் திறந்தது. உள்ளே நின்றவர்..."

பக்கம் அங்கே முடிந்திருந்தது. மீதி அடுத்த தாளில். அவள் தாளைத் திருப்பாமல் நிறுத்திக்கொண்டாள்.

கண்ணாடிக்கு அப்பால் கோப்பை கீழே விழுந்தது. படி, படி என்று அவர் இரண்டு கையாலும் சைகை காட்டினார்.

ஹெட்போனில் சத்தமே இல்லை.

பிறகு இடது காதில் மூச்சு பட்டது.

"அப்புறம்?"

ஹெட்போனை எறிந்துவிட்டு வெளியே வந்து விழுந்தாள்.

"வாக்கியத்த முடிச்சீங்களா?" அவர் குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"அந்த அக்காவுக்கு என்ன ஆச்சு? நெஜத்த சொல்லுங்க."

"ஒருநாள் கரண்ட் போச்சு. பாதி வரியில எழுந்து வந்துட்டாங்க. அதுலேர்ந்து பேச்ச நிறுத்தவே இல்ல. தூக்கத்துலகூட. இப்ப குரல் சுத்தமா போயிடுச்சு மேடம், உதடு மட்டும் அசையுது."

"பொய்! உங்க மச்சினிக்காக என்னைய விரட்டப் பாக்கறீங்க."

"அவள இந்த ரூம் பக்கமே நான் விட்டதில்ல. வேற எடத்துல படிச்சுதான் அனுப்பினா." கையைக் கூப்பினார். "சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க, எனக்கும் பொழப்பு நடக்கணும். தப்புதான். உள்ள போய் அந்த ஒரு வரிய மட்டும் முடிச்சிட்டு வந்துடுங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

மறுபடி உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தப் பார்க்கிறான் என்றே அவளுக்குத் தோன்றியது. பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்கால வெயில் இன்னும் சமையலறை ஜன்னலில் இருந்தது. போனில் பதிப்பகத்திலிருந்து செய்தி. அவள் வாசித்த வரைக்கும் இருந்ததை சவுண்ட்காரர் அனுப்பிவிட்டிருந்தார். "அருமை! ஒரே ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி இருக்கு. புத்தகம் முழுக்க நீங்கதான்." அதைப் படித்ததும் அவள் அழுதுவிட்டாள். நிஜமான சந்தோஷம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். பின்னால் சாப்பாட்டு மேஜை நாற்காலியை யாரோ இழுத்து உட்காரும் சத்தம்.

"வந்துட்டீங்களா? இன்னிக்கு நடந்தத கேளுங்க. கேட்டா ஆடிப்போயிடுவீங்க."

"ம்."

முதலிலிருந்து சொன்னாள். ஈர வாடை, ஸ்பாஞ்சு, மச்சினி, இருமல். கணவன் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. சரியான இடங்களில் ம் கொட்டினான். 

"கல்யாணமான புதுசுலேர்ந்து இப்படி ஒருநாள் கேட்டிருக்கீங்களா?" என்று திரும்பாமலே சிரித்தாள். "அப்புறம் அந்த ஆளு கையெடுத்துக் கும்பிட்டான். நான் நம்பல. பையை எடுத்துக்கிட்டு..."

வாசல் பூட்டு திறந்தது.

கணவன் உள்ளே வந்தான். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் செல்போன். சமையலறை வாசலில் நின்று, அதிசயமாக, போனிலிருந்து கண்ணை எடுத்தான்.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?"

 குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நாற்காலி தரையில் உராய்ந்து இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

"அப்புறம்?"

நாவலில் பாதியில் விட்ட அந்த வரியை முடித்துவிட்டால் போதும். முடிக்கத்தான் நினைத்தாள். ஆனால் அடுத்த தாள் அந்த அறையிலேயே இருந்தது. அவள்தான் முன்கூட்டிப் படிக்காமல் போனவள் ஆயிற்றே.

"உள்ளே நின்றவர்..." என்று ஆரம்பித்து, வாயில் வந்ததைச் சேர்த்துச் சொன்னாள்.

"ம்," என்றது.

அது முடிவு இல்லை போலிருக்கிறது. மேலே சொன்னாள்.

"ஏய், என்ன ஆச்சு? நிறுத்து!" என்று கணவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

அவள் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினாள். வாய் சொல்லிக்கொண்டே இருந்தது.