ராசப்பனுக்காக ஒரு சத்தம்

ராசப்பன் ஒருநாள்கூடப் பந்தை உதைத்தது இல்லை. ஆனால் மூங்கில்பட்டியில் அவனைப் போன்ற பந்தாட்டப் பைத்தியம் வேறு யாரும் இல்லை.

கொல்லிமலையின் மேலே இருந்த சின்ன ஊர் மூங்கில்பட்டி. அப்போது நம் நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். மலைக்கு ரோடு கிடையாது. காட்டுப் பாதையில் நடந்துதான் ஏற வேண்டும், நடந்துதான் இறங்க வேண்டும். அந்தப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்த அர்த்தனாரி வாத்தியார், ஊருக்கு ஒரு தோல் பந்தையும் கொண்டுவந்தார்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஆட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். மாணிக்கம் தலைவன். பாப்பாத்தி கோல் காப்பவள். மரத்திலிருந்து அண்ணன் பறித்துப் போடும் கமலாப் பழங்களில் ஒன்றைக்கூடத் தரையில் விழவிடாமல் பிடிப்பவள் அவள். வேறு யாருக்கு அந்த வேலையைக் கொடுப்பது?

ராசப்பன் பாப்பாத்தியின் உயிர்த் தோழன். "நீயும் ஆட வாடா" என்று அவனைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"நானும் ஆடுனா சத்தம் போடுறது யாரு?" என்று கேட்டான் அவன்.

அவனுக்கு உடம்பு சின்னது, குரல் பெரியது. கேழ்வரகுக் காட்டில் கிளி விரட்டிப் பழகிய குரல். மைதானத்து ஓரத்தில் இருந்த பாறைமேல் ஏறி நின்று அவன் கத்தினால், எதிர்ச் சரிவில் மேயும் மாடுகள் நிமிர்ந்து பார்க்கும்.

"மாணிக்கம், ஓடு, ஓடு! அந்தப் பக்கம் இல்லடா, இந்தப் பக்கம்! பாப்பாத்தி, கண்ணைத் தெறந்து பாரு!"

"தெறந்துதான்டா வச்சிருக்கேன்!" என்று பாப்பாத்தி பதிலுக்குக் கத்துவாள்.

வாத்தியார் ஒருமுறை 'ஆப்சைடு' என்று சொன்னார். ராசப்பன் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதற்கு என்ன அர்த்தம் என்று அவன் கேட்கவே இல்லை. பந்து எங்கே போனாலும் ஆப்சைடுதான். ஒருநாள் மைதானத்துக்குள் ஓர் ஆடு நுழைந்துவிட்டது. அதைப் பார்த்தும் "ஆப்சைடு!" என்று கத்தினான்.

ஆண்டுக்கு ஒருமுறை, மார்கழி மாதத்தில், அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பையன்கள் மலை ஏறி வந்து இவர்களோடு ஆடுவார்கள். சென்ற ஆண்டு ஆட்டத்தில் குப்புசாமி என்ற நெட்டைப் பையன், தூரத்திலிருந்து ஓங்கி உதைத்து ஒரு கோல் போட்டான். பாப்பாத்தி தாவினாள். பந்து அவள் விரல் நுனியைத் தாண்டிப் போய்விட்டது.

அப்போது படபடவென்று ஒரு கைதட்டல் கேட்டது. பார்த்தால், பாறைமேல் நின்று தட்டிக்கொண்டிருந்தவன் ராசப்பன்!

ஆட்டம் முடிந்ததும் மாணிக்கம் அவன்மேல் பாய்ந்தான். "நீ எந்த ஊர்க்காரன்டா? அவங்க கோலுக்கு எதுக்குத் தட்டுன?"

"நான் எங்கடா தட்டுனேன்? அவன் அடிச்ச அழகைப் பாத்ததும் கையி தானாத் தட்டிருச்சு."

மாணிக்கம் அன்று முழுவதும் அவனோடு பேசவில்லை. மறுநாள் பேசிவிட்டான். ராசப்பனோடு ரொம்ப நேரம் பேசாமல் இருக்க யாராலும் முடியாது.

இதெல்லாம் போன ஆண்டு.

இந்த ஆண்டு ஆடி மழையில் மலை முழுவதும் குளிர்க்காய்ச்சல் பரவியது. ராசப்பனுக்கும் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "மழை விட்டதும் ஆட்டம் இருக்குல்ல?" என்று பாப்பாத்தியிடம் கேட்டான். மழை விடுவதற்கு முன்பே அவன் இறந்துவிட்டான்.

பாப்பாத்தி நிறைய அழுதாள். மாணிக்கமும் அழுதான். அதன் பிறகு யாரும் பந்தைத் தொடவில்லை. மைதானத்துக்கு அடுத்தாற்போல்தான் ராசப்பனின் வீடு. அங்கே அவன் அம்மா சின்னாயி தனியாக இருந்தார். அப்பா முன்பே இல்லை. பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டால் அவருக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்! அதனால் எல்லாரும் அந்த வீட்டைத் தாண்டும்போது பேச்சை நிறுத்திவிட்டு, நுனிக்காலில் நடந்து போனார்கள்.

மார்கழி பிறந்தது. சந்தைக்கு மிளகு சுமந்து போயிருந்த பழனிமுத்து மாமா கீழேயிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார்.

"காளப்பநாயக்கன்பட்டிப் பசங்க கேட்டு உட்டாங்க. இந்த வருசம் ஆட்டம் உண்டா, இல்லையான்னு. நாளைக்கு மறுபடியும் எறங்குறேன். என்ன சொல்லட்டும்?"

பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாசலில் கூடிப் பேசினார்கள்.

"வேண்டாம்னு சொல்லிரலாம்" என்றான் மாணிக்கம். "சின்னாயி அத்தை ஊட்டுக்குப் பக்கத்துல எப்படிக் கத்தி வெளையாடுறது?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பாப்பாத்தி மட்டும் ஆட்டவில்லை.

"அத்தைகிட்டக் கேட்டீங்களா?"

"அதைப் போயி எப்படிக் கேக்குறது?"

"கேக்காம எப்படித் தெரியும்?" என்றாள் பாப்பாத்தி. "நீங்க இருங்க. நான் போயிட்டு வாரேன்."

சொல்லிவிட்டாளே தவிர, போகப் போக அவள் கால்கள் மெதுவாயின. சின்னாயி அத்தை வாசலில் உட்கார்ந்து கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். பாப்பாத்தி வேலி ஓரத்தில் நின்றாள்.

"யாரு, பாப்பாத்தியா? உள்ள வா கண்ணு" என்றார் அத்தை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். "உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எல்லாரும் எதுக்கு என் ஊட்டைத் தாண்டுறப்ப மட்டும் பால் குடிக்க வந்த பூனையாட்டம் போறீங்க?"

பாப்பாத்திக்கு அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை.

"சத்தம் போட்டா உங்களுக்கு மனசு நோகுமேன்னுதானுங்க அத்தை."

"அதனாலதான் பந்தும் ஆடுறதில்லையா?"

"ஆமாங்க."

அத்தை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். "நான் வேற மாதிரி நெனச்சுட்டேன் சாமி. ஒருத்தரும் இந்தப் பக்கம் வரக் காணோமே, என் பையனை அதுக்குள்ள மறந்துட்டாங்களோன்னு நெனச்சேன்."

"மறக்கவே இல்லீங்க அத்தை!" பாப்பாத்தி கத்தியேவிட்டாள். அவள் கண்ணில் நீர் முட்டியது. "தினமும் நெனைக்கிறோமுங்க. அவன் ஆட்டைப் பாத்து 'ஆப்சைடு'ன்னு சொன்னதை மாணிக்கம் நேத்துக்கூடச் சொன்னான்."

"ஆட்டையா?"

"அவன் உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

பாப்பாத்தி ஆட்டுக் கதையைச் சொன்னாள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்துக்கொண்டார். "தூக்கத்துலகூட அதைச் சொல்லிக் கத்துவான் கண்ணு. அப்படின்னா என்னதான் அர்த்தம்?"

"எங்களுக்கும் தெரியாதுங்க அத்தை. வாத்தியாரய்யா தரையில கோடு போட்டுச் சொல்லிக் குடுத்தாரு. கடைசில அவரே கொழம்பிட்டாரு."

அத்தை இன்னும் உரக்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, காளப்பநாயக்கன்பட்டிப் பையன்கள் ஆட்டம் உண்டா என்று கேட்டு அனுப்பியிருப்பதைப் பாப்பாத்தி சொன்னாள்.

"அவங்களை வரச் சொல்லு" என்றார். "எனக்கும் ஊடு ரொம்ப அமைதியாக் கெடக்குது. எப்பவும் காட்டு வேலையே சரியா இருந்துச்சு, ஒரு ஆட்டமும் பாத்ததில்லை. இந்தத் தடவை நானும் வாரேன்."

பாப்பாத்தி பள்ளிக்கூடம்வரை ஒரே ஓட்டமாக ஓடினாள்.

ஆட்ட நாள் வந்தது. வெயில் ஏறி, புல்லில் பனி காய்ந்த நேரத்தில் காளப்பநாயக்கன்பட்டிப் பையன்கள் மலை ஏறி வந்து சேர்ந்தார்கள். வந்ததும் புல்லில் பொத்தென்று விழுந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். குப்புசாமி மட்டும் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"எங்க அந்தச் சத்தக்காரன்? பாறை மேல காணோம்?"

மாணிக்கம்தான் நடந்ததைச் சொன்னான்.

குப்புசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "போன வருசம் நான் கோல் போட்டப்ப எங்க ஆளுங்க ஒருத்தரும் கை தட்டல. எல்லாரும் ஏறி வந்த களைப்புல கெடந்தாங்க. அவன் ஒருத்தன்தான் தட்டுனான்" என்றான். "இந்த வருசம் அவனுக்குன்னு வீட்டுலேருந்து கடலை உருண்டை கொண்டாந்தேன்."

அர்த்தனாரி வாத்தியார் இரண்டு அணியையும் கூப்பிட்டார். "பெரிய ஊர்களில் ஆட்டக்காரர் யாராவது இறந்துவிட்டால், ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் சிறிது நேரம் அமைதியாக நிற்பார்கள். நாமும் ராசப்பனுக்காக நிற்போம்" என்றார்.

வரிசையாக நின்றார்கள். தலையைக் குனிந்துகொண்டார்கள். பாப்பாத்தி ஒரு கண்ணால் மைதானத்து ஓரத்தைப் பார்த்தாள். அங்கே சின்னாயி அத்தை தனியாக நின்றுகொண்டிருந்தார். ஊரே இப்படி வாயை மூடிக்கொண்டு நின்ற நாள்கள் போதாதா?

அவள் கையைத் தூக்கினாள்.

"ஐயா, ராசப்பனுக்கு இது புடிக்காதுங்க."

"எதும்மா?"

"கம்முன்னு நிக்கிறதுங்க. அவனை அப்படி நிக்கச் சொன்னா வயித்து வலி வந்துரும்னு சொல்லுவானுங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சரி. பின்னே என்ன செய்யலாம்?"

"சத்தம் போடலாமுங்க. எல்லாரும் சேந்து. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

வாத்தியார் யோசித்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டினார்.

"அப்படியானால், ராசப்பனுக்காக!" என்றார் வாத்தியார்.

அடேயப்பா! மலைப் பிள்ளைகளும் அடிவாரத்துப் பையன்களும் சேர்ந்து போட்ட கூச்சலில் கேழ்வரகுக் காட்டிலிருந்த கிளிகள் எல்லாம் பச்சை மேகம்போல எழுந்து பறந்தன. குப்புசாமி இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தான். மாணிக்கம் ராசப்பன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினான். எப்போதும் மெதுவாகப் பேசும் வாத்தியார்கூட, "ஓஹோய்!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, இது நம் குரல்தானா என்பதுபோலத் திகைத்து நின்றார். என்னவோ ஏதோ என்று வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டம் தொடங்கியது. சின்னாயி அத்தை முதலில் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார். பந்து ஓடத் தொடங்கியதும் அவர் கால்களும் ஓரத்திலேயே ஓடத் தொடங்கின.

"ஓடு மாணிக்கம், ஓடு சாமி! அந்தப் பந்தை எதுக்கு அடுத்தவனுக்குக் குடுக்குற? நீயே வச்சுக்க!"

"அப்படி ஆடக் கூடாதுங்க அத்தை!" என்று ஓடிக்கொண்டே கத்தினான் மாணிக்கம்.

ஆனாலும் பந்தை யாருக்கும் கொடுக்காமல் கொண்டுபோய்க் கோல் போட்டான். அத்தை குதித்தார்.

பாப்பாத்தி தாவித் தாவிப் பந்துகளைப் பிடித்தாள். அவளுக்கு முழங்கை எல்லாம் புழுதி. அப்போது குப்புசாமிக்குப் பந்து கிடைத்தது. அவன் ஓங்கி உதைத்தான். பாப்பாத்தி முழு நீளத்துக்குத் தாவியும் அது வளைந்து அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டது.

முகத்தில் ஒட்டிய மண்ணோடு பாப்பாத்தி எழுந்தாள். கைதட்டல் கேட்டது. தட்டியது யார் தெரியுமா? மாணிக்கம்!

"அருமையா அடிச்சான், பாப்பாத்தி" என்றான் அவன், கொஞ்சம் வெட்கத்தோடு.

"ஆமா" என்றாள் பாப்பாத்தி. அவளும் தட்டினாள்.

ஆட்டம் சமமாக முடிந்தது. எல்லாரும் சின்னாயி அத்தையின் வாசலில் வட்டமாக உட்கார்ந்து, களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டார்கள். குப்புசாமி கடலை உருண்டைப் பொட்டலத்தை அத்தையிடம் கொடுத்தான். அத்தை அதை வாங்கிச் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஆளுக்கு ஒன்றாக எல்லாருக்கும் பங்கிட்டார். ராசப்பனைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சில கதைகளில் கொஞ்சம் பொய்யும் கலந்திருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

மறுநாள் அத்தைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. பாப்பாத்தியும் மற்ற பிள்ளைகளும் தினமும் காலையும் மாலையும் அந்த வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி மிளகைத் தட்டிக் கஷாயம் போட்டாள். ஒருவன் விறகு ஒடித்துக் கொடுத்தான். அத்தை கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவர் உப்புக் கேட்டால் மாணிக்கம் உலக்கையை எடுத்துக் கொடுத்தான். வீடே சிரிப்பால் அதிர்ந்தது.

சில நாள் கழித்து ஒரு காலையில் அத்தைக்குக் குரல் திரும்பி வந்தது. பாப்பாத்தி கஷாயத்தோடு உள்ளே நுழைந்தபோது, அவர் கரகரத்த குரலில் கேட்டார்:

"ஏங்கண்ணு, அடுத்த ஆட்டம் எப்போ?"