மதில் கதவின் நிறம்

கதவுக்கு நிறம் எதற்கு என்று ஹெட்டியைக் கேட்டால் அவளிடம் தெளிவான பதில் இருந்தது: ஆல்ஃபி அதைக் கண்டுபிடிப்பதற்கு.

ஆல்ஃபி அவளுடைய தம்பி. ஐந்து வயது, பார்வை மங்கல். அவர்கள் குடியிருந்த செங்கல் வீடு, ஒரு காலத்தில் எஸ்டேட் மாளிகைக்குக் காய்கறி விளைந்த தோட்டத்தின் உயர்ந்த மதிலை ஒட்டி நின்றது. மதிலுக்கு உள்ளேதான் கோழிகள். காலையில் அவற்றுக்குத் தீனி போடுவது ஆல்ஃபியின் வேலை.

ஆனால் மதில் முழுவதும் பச்சைக் கொடி. நடுவே பச்சைக் கதவு. கதவென்று நினைத்து மூன்று முறை செங்கல்லில் மூக்கை இடித்துக்கொண்டான்.

ஹெட்டி அம்மாவிடம் கேட்டு, மீதமிருந்த மஞ்சள் வர்ணத்தைக் கதவில் பூசினாள். ஆல்ஃபியின் மூக்கு பிழைத்தது.

ஒரு வாரம் கழித்து, பச்சைக் கோட்டு அணிந்த எஸ்டேட் மேலாளர் பார்ஜிட்டர் வந்து கதவின் முன் நின்றார்.

"எஸ்டேட் கதவெல்லாம் எப்பவும் பச்சைதான். சனிக்கிழமைக்குள்ள மாத்திடுங்க. இல்லேன்னா பூட்டிடுவேன்."

"பச்சையா இருந்தா தம்பிக்குத் தெரியாது சார்."

"நூத்தைம்பது வருஷமா பச்சைம்மா. உன் தம்பிக்காக மாத்த முடியுமா?"

"விடு, ஹெட்டி," என்றாள் அம்மா மெதுவாக.

ஹெட்டியின் காதுகள் சிவந்தன. ஒரு கதவுக்கு இருக்கிற மரியாதை ஒரு மூக்குக்கு இல்லையா?

கோபமாகப் பேச வாயைத் திறந்தவள், கீலின் ஓரத்தில் வர்ணம் உரிந்திருப்பதைக் கண்டாள். அங்கே அவள் பூசாத ஒரு சிவப்பு எட்டிப் பார்த்தது.

"ஒரு நிமிஷம் இருங்க சார்."

சமையலறையிலிருந்து மழுங்கிய கத்தியை எடுத்துவந்து அந்த இடத்தைச் சுரண்டினாள்.

"மஞ்சள் என்னோடது. பச்சை உங்களோடது. அதுக்குக் கீழ பழுப்பு. அப்புறம் சிவப்பு. கடைசியில நீலம். அதுக்கும் கீழ வெறும் மரம். இதுல எது சார் 'எப்பவும்'?"

பார்ஜிட்டர் குனிந்து, தம் நகத்தாலும் சுரண்டிப் பார்த்தார். நீலம் நீலமாகவே இருந்தது.

"இதை நீலமா அடிச்சது யாரு?" என்று முணுமுணுத்தார்.

"யாரோ. அவங்களுக்கு ஒரு காரணம் இருந்திருக்கும். எனக்கும் இருக்கு."

அந்நேரம் தீனிக் கிண்ணத்தோடு வந்த ஆல்ஃபி, நேராகப் பச்சைக் கோட்டில் போய் மோதினான். தானியம் முழுவதும் பார்ஜிட்டரின் காலணிக்குள் கொட்டியது.

"மன்னிச்சிடுங்க, கொடின்னு நெனச்சேன்," என்றான் ஆல்ஃபி. "இன்னைக்கு மூக்கு வலிக்கவே இல்ல. மெத்துனு இருக்கு."

அம்மா சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டாள். பார்ஜிட்டர் காலணியைக் கழற்றித் தட்டினார். ஆல்ஃபியின் மூக்கில் இருந்த பழைய தழும்பை அப்போதுதான் பார்த்தார்.

"சுரண்டின எடம் அசிங்கமா இருக்கு," என்றார் காலணியை மாட்டிக்கொண்டே. "இன்னொரு பூச்சு அடிச்சிடு."

"என்ன நிறம் சார்?"

"மஞ்சள்தான். வேற என்ன?"

ஹெட்டி அன்றே பூசி முடித்தாள். அது காயும்வரை பொறுத்திருக்க ஆல்ஃபிக்கு மனமில்லை. இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அன்று வீட்டுக்கு வந்த முட்டை ஒவ்வொன்றிலும் ஒரு மஞ்சள் விரல் பதிந்திருந்தது.