கரையேறிய எண்

மதியம் ஒன்றரை மணிக்கு, பழுதுபார்க்கும் மேசைமேல் இருந்த திரையில் ஒரு படகு துறைமுகச் சுவரைத் தாண்டித் தரையில் ஏறியது.

கருவிக் கோளாறு என்று மெக்கானிக் நினைத்தான். ஈயம் உருகிய வாடையும் பழைய மின்விசிறியின் கரகரப்பும் அடைத்த அந்தக் குறுகிய கடையில், படகுகளின் இருப்பிடம் காட்டும் கருவிகளைப் பொருத்துவதும் திருத்துவதும்தான் பதினைந்து வருடமாக அவன் பிழைப்பு. ஆண்டெனாவில் ஈரம் இறங்கினால் புள்ளி கண்டபடி துள்ளும். இது துள்ளவில்லை. ஏலக்கூடத்தைச் சுற்றி, ஐஸ் ஆலைச் சந்தில் திரும்பி, ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது.

புள்ளியைத் தொட்டான். ஒன்பது இலக்க எண் விரிந்தது. மனைவியின் அண்ணன், மச்சானின் படகு. அவனோடு மூழ்கி மூன்று மாதம் ஆன படகு.

ஒவ்வொரு படகின் கருவிக்கும் தனி எண் என்பதுதான் முறை. புது எண் கிடைக்க ஒரு மாதம் இழுக்கும். அவசரப்பட்ட இன்னொரு படகுக்காரனின் கருவியில் மெக்கானிக் மச்சானின் எண்ணையே போட்டுக் கொடுத்திருந்தான். புயலன்று மச்சான் வயர்லெஸ்ஸில் கதறினான். மீட்புக் கப்பல் அந்த எண்ணைத் தேடிப் போனது; முப்பது மைல் தள்ளி, பத்திரமாக நங்கூரமிட்டிருந்த மற்றப் படகிடம் போய் நின்றது.

மனைவியிடம், அலை கொண்டுபோய்விட்டது என்றான். அண்ணனைப் பறிகொடுத்தவள் நம்பினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

புள்ளி கடைத் தெருவுக்கு வந்தது. வெளியே வெயில் கொளுத்தியது. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் டீசலும் பாசியும் கலந்த வாடை. சொத். சொத். ஈரக் கால்கள்.

நிற்கவில்லை. கடந்து போயின.

புள்ளி அவன் வீட்டுத் தெருவில் திரும்பியது. மனைவிக்குப் போன் போட்டான்.

"என்னங்க, வயிறு ஞாபகம் வந்துடுச்சா? சோறு ஆறிப்போய்க் கிடக்கு."

"கதவைச் சாத்து."

"பட்டப்பகல்லயா? இருங்க, யாரோ தட்டுறாங்க."

"திறக்காத! சொன்னாக் கேளு!"

தாழ்ப்பாள் சத்தம்.

"அண்ணே!" சிரித்தாள். உடனே அழுதாள். "இப்படி ஊறிப்போயிருக்கியேண்ணே..."

பிறகு தண்ணீர் சொட்டும் சத்தம்.

"என்னங்க." குரல் தணிந்திருந்தது. "அண்ணன் கேக்குது. அது நம்பரை வேற யாருக்குக் கொடுத்தீங்க?"

"புது நம்பர் வர ஒரு மாசம் ஆகும்னுதான்..."

"ஓ," என்றாள். அவ்வளவுதான். "அப்ப நீங்களே அதுகிட்டப் பேசுங்க."

போன் கைமாறியது. மூச்சுச் சத்தம் இல்லை. களக், களக்.

காது குளிர்ந்தது. போனிலிருந்து உப்புநீர் வழிந்தது. கழுத்தில். நெஞ்சில். போனை எடுக்கப் பார்த்தான். கை அசையவில்லை.

கடைத் தரையில் கணுக்கால் அளவு கடல்.

ஏறிக்கொண்டிருந்தது.