நாலு திருகு... ஒரு மாமனார்!

போன் அலறியது.

ஸ்போர்ட்ஸ் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஸ்பிரிங், பதறிப்போய்த் தலையைத் தூக்கினான்.

ணங்!

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே போனை எடுத்தான். ஸ்பிரிங் என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். சஸ்பென்ஷனைச் சரிசெய்வதில் அவன் கில்லாடி. மற்ற விஷயங்களில்... சரி, விடுங்கள்!

"என்னங்க..." மனைவியின் குரல் உடைந்தது. "அப்பா கார்... கவுந்துடுச்சு!"

"ஐயையோ! மாமாவுக்கு?"

"கை உடைஞ்சிருக்கு... உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க!"

ஓட எழுந்தவன் அப்படியே நின்றான்.

ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு இன்ஸ்பெக்டர்! பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"உங்க மாமனாரோட சிவப்பு காரை நேத்து யார் கடைசியா தொட்டது?"

"நான்தான் சார். ஞாயித்துக்கிழமை ஆனா ரேஸ் ட்ராக்ல ஓட்டுவார். சாயங்காலம் நான் தெருவுக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுப்பேன்."

"எதை மாத்துவீங்க?"

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்கக்கூடாத கேள்வி. ஸ்பிரிங்கின் முகம் மலர்ந்துவிட்டது!

"ஒவ்வொரு சக்கரத்துக்கும் குலுக்கலைத் தாங்க ஒரு ஷாக் அப்சார்பர், அதோட உச்சியில ஒரு திருகு இருக்கும் சார். ட்ராக் மொழுமொழுன்னு இருக்கும். அங்க டைட்டா வெச்சா வளைவுல கார் சாயாது, சும்மா ஒட்டிக்கிட்டு ஓடும். தெரு அப்படியா? பள்ளம், மேடு! டைட்டா வெச்சா சக்கரம் பள்ளத்துல இறங்காது... குதிக்கும். டயர் ரோட்டை விட்டு எழும்பிடுச்சுன்னா பிரேக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்கும் கேட்காது!"

"அதனால தெருவுக்கு லூஸா வெச்சீங்க."

"ஆமா சார்."

"ஆனா இப்ப நாலும் ஃபுல் டைட்டா இருக்கே! எங்க எக்ஸ்பர்ட் பார்த்துட்டார்."

ஸ்பிரிங் காற்றிலேயே ஒரு திருகைத் திருப்பிப் பார்த்தான்.

"அது... திருகு தானாத் திரும்பாதே சார்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார்.

"மாமனாரைக் கொல்ல உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கா?"

"ஒரு மருமகனுக்கு இருக்க வேண்டிய அளவு இருக்கு சார்..."

கான்ஸ்டபிள் சிரித்தார். இன்ஸ்பெக்டர் முறைத்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ராத்திரி கார் எங்க நின்னுச்சு?"

"வீட்டு போர்டிகோவுல. மாமா, என் பொண்டாட்டி, மச்சினன், நான்... எல்லாரும் ஒரே வீடுதான்." சட்டென்று அவன் கண்கள் விரிந்தன. "சார்... மச்சினன்! அந்தக் காரை ஓட்டக் கேட்டான். மாமா சாவி தரலை. ஒரு வாரமா அப்பனும் மகனும் பேசிக்கிறதில்ல!"

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார். ஸ்பிரிங்குக்குள் தூங்கிக்கொண்டிருந்த துப்பறிவாளன் கொட்டாவி விட்டு எழுந்தான்.

"டைட்டா இருந்த விஷயம் வேற யாருக்கும் தெரியாதுல்ல சார்? அப்ப நான் லூஸா இருந்துச்சுன்னு மாத்திச் சொல்றேன். செஞ்சவன் வாய் தவறி உளறிடுவான்!"

"இதெல்லாம் கதையில நடக்கும்."

"வேற வழி?"

"இருக்கு. உங்களை உள்ள தள்றது."

"முதல்ல என் வழியைப் பார்த்துடலாம் சார்!"

ஆஸ்பத்திரி.

கட்டிலில் மாமனார். முப்பது வருஷம் கப்பல் ஓட்டியவர், எல்லோருக்கும் கேப்டன். வலது கையில் மாவுக்கட்டு.

"கடல்ல கவுக்காத மனுஷன், காய்கறிக்கடை வாசல்ல கவுத்துட்டேன் மாப்பிள்ளை..."

அழுது வீங்கிய கண்களோடு பக்கத்தில் மனைவி. ஜன்னலோரம் மச்சினன். கதவருகே போலீஸ்.

ஸ்பிரிங் தொண்டையைச் செருமினான்.

"இது விபத்து இல்ல மாமா! யாரோ நாலு திருகையும் ஃபுல்லா லூஸ் பண்ணியிருக்காங்க. கார் படகு மாதிரி ஆடிக் கவுந்திருக்கு!"

சொல்லிவிட்டு மச்சினனை ஊடுருவிப் பார்த்தான்.

"என்னை ஏன் அத்தான் முறைக்கிறீங்க? எனக்கு பானெட்டைத் திறக்கவே தெரியாது!"

வலை காலி. கான்ஸ்டபிள் விலங்கைத் தடவிப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தக் குரல்...

"லூஸா...? வலது பக்கம் திருகினா டைட்தானே ஆகும்?"

"ஆமா, கரெக்ட்!" என்றான் ஸ்பிரிங் பெருமையாக.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

கேட்டது யார்?

மனைவி!

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள்.

"நான்தான்... நான்தான்பா திருகினேன்!"

"நீயாம்மா?" கேப்டன் எழுந்து உட்கார முயன்று, வலியில் முனகினார். "என்னைக் கொல்லவா?"

"ஐயோ, இல்லப்பா! தெருவையும் ட்ராக்குன்னு நினைச்சு ஓட்டறீங்க. போன வாரம் ஒரு ஸ்கூல் பொண்ணு உங்க கார்ல அடிபடாம மயிரிழையில தப்பிச்சா. எத்தனை தடவை சொன்னேன், கேட்டீங்களா? டைட்டா இருந்தா தூக்கித் தூக்கிப் போடும், முதுகு வலிக்கும், நீங்களே தெருவுல எடுக்கிறதை விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். கவுக்கும்னு சத்தியமாத் தெரியாதுப்பா..."

கேப்டன் உடையாத கையை நீட்டி, மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணு முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதும்மா. வெளியில சொல்லத்தான் வெக்கம்." இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். "என் பொண்ணு மேல எனக்குப் புகார் இல்ல சார். நான் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினேன். அதை எழுதிக்குங்க. இனிமே அந்தக் கார் ட்ராக்குக்கு மட்டும்தான், லாரியில ஏறிப் போகும்."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு கணம் கடுமையாகப் பார்த்தார்.

"ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததை எழுதிக் கொடுங்கம்மா. இன்னொரு தடவை காரைத் தொட்டீங்க... நான் கதை கேட்க வர மாட்டேன்."

போலீஸ் வெளியேறியது. ஸ்பிரிங்குக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும்!

"ஏன்டி, தெருவுல டைட்டா வெச்சா டயர் எகிறும்னு உன்கிட்ட எத்தனை ராத்திரி விளக்கிச் சொல்லியிருக்கேன்!"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"வலது பக்கம் டைட்டு, டைட்டுன்னா தூக்கிப் போடுங்கிறது வரைக்கும் கேட்டுட்டுதாங்க இருந்தேன். அதுக்கு மேல... தூங்கிட்டேன்!"