நடப்பவர்களுக்குப் பச்சை

பொத்தானை யாரும் அமுக்கியிருக்க முடியாது. ஆனாலும் சிக்னல் பெட்டிக்குள் இருந்த சின்னச் சிவப்பு பல்பு எரிந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், மில் சுவரை ஒட்டிய கம்பத்தில் யாரோ பொத்தானை அமுக்கிவிட்டுக் கடந்து வரக் காத்திருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். அப்துல் குத்தூஸ் பெட்டிக் கதவுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கம்பம் நின்றது. ஆள் இல்லை.

"ஈரம் இறங்கியிருக்கும் பாய்" என்றான் கூட வேலை செய்யும் காளிச்சாமி. "குழாய்ல தண்ணி நின்னா வயரு இப்படித்தானுங்க, பேய் புடிச்சாப்ல எரியும். நாளைக்குப் பாத்துக்கலாம் வாங்க."

"காலைல மெட்ராஸ் ஆபீசருங்க வந்துருவாங்க. நீங்க கிளம்புங்க காளிச்சாமி. தீபாவளியும் அதுவுமா ஊட்டுல தேடுவாங்க."

"தேடறதா? கறி ஆறிப்போச்சுன்னா என்ற சம்சாரம் என்னைய அரிஞ்சு கொழம்புல போட்டுருவா. நீங்களும் வந்து ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டுப் போலாமில்லீங்க."

"இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

காளிச்சாமியின் மொபெட் சத்தம் பெரியநாயக்கன்பாளையம் பக்கமாகத் தேய்ந்து போனது. அதற்குப் பிறகு மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒன்றுமே வரவில்லை. பொழுது இறங்கிவிட்டது. மழை விட்ட காற்றில் வெடிமருந்துப் புகை தாழ்வாகத் தொங்கியது. வெடித்த பட்டாசின் சிவப்புக் காகிதத் துணுக்குகள் தார் முழுக்க நனைந்து உப்பிக் கிடந்தன. எங்கோ வீடுகளுக்குள்ளிருந்து வந்த சிரிப்பும் சரவெடியும் இன்னொரு ஊரில் நடப்பதைப் போலக் கேட்டன.

ரோடு பாதுகாப்புக்கென்று அரசாங்கம் கொடுத்த பணத்தில் ஊரின் பழைய சிக்னல்களையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் முதலில் எடுத்துக்கொண்டது இந்த மில்முக்கைத்தான். ஷிப்ட் விட்டு பஸ்ஸுக்கு ஓடியவர்கள், சைக்கிளில் டிபன் பாத்திரம் கட்டிப் போனவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று அத்தனை பேர் இங்கே அடிபட்டுச் செத்திருந்தார்கள். கடைசியாக, போன மழைக்காலத்தில், ஜாஹிதா. அக்கா வீட்டுக்குப் போய்விட்டு நீலச் சேலையில் மில் சுவரோரம் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இந்தப் பக்கம் சைக்கிளோடு நின்ற கணவனைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அந்தக் கை இறங்குவதை குத்தூஸ் பார்க்கவில்லை. நடுவில் லாரி வந்துவிட்டது.

இந்த முக்கின் வேலையை அவர்தான் கேட்டு வாங்கினார். வெளியில் சொன்ன காரணம் வேறு. மனதுக்குள் இருந்தது ஒன்றுதான்: நடப்பவர்களுக்கென்று விளக்கு வந்துவிட்டால் அவள் இந்தப் பக்கம் வருவாள். ஒரு தடவை வந்தால் போதும்.

பல்பு அணைந்தது. எரிந்தது. குத்தூஸ் இணைப்புகளைத் துணியால் துடைத்தார். எல்லாம் காய்ந்துதான் இருந்தன. மறுபடி எரிந்தது. அணைந்து, எரிந்து, அணைந்து, எரிந்து. ஈரத்துக்கு இப்படி அவசரம் இருக்காது. ஜாஹிதாவுக்குத்தான் எதற்கும் காத்திருக்கத் தெரியாது.

அவருடைய கை தானாகப் போய்ச் சுவிட்சைத் திருப்பியது. வண்டிகளுக்குச் சிவப்பு. நடப்பவர்களுக்குப் பச்சை.

"வாங்க" என்று கூப்பிட்டார்.

கல்யாணமான அன்றிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிட்டார். பொண்டாட்டியைப் போய் வாங்க போங்க என்கிறானே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை. வா என்ற சொல் அவள் விஷயத்தில் அவர் வாயில் வந்ததே இல்லை.

அந்தப் பக்கத்து ஓரத்தில் காகிதத் துணுக்குகள் அமுங்கின. ஒரு பாதத்தின் அளவுக்கு. பிறகு, ஓர் எட்டு தள்ளி, இன்னொன்று.

"பார்த்து வாங்க" என்றார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பஞ்சுத் தூசியும் மெஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்த வாசனை. ஜாஹிதா மில்லில் வேலை பார்த்தவள் இல்லை.

காகிதம் இன்னோர் இடத்தில் அமுங்கியது. பக்கத்திலும். அதற்குப் பின்னாலும். பெரிய பாதங்கள். சின்னப் பாதங்கள். ரோட்டின் அகலம் முழுக்க.

ஒருத்திக்குச் சொன்ன மரியாதை. அத்தனை பேரும் தங்களுக்கென்று கேட்டுக்கொண்டார்கள்.

பெட்டியைப் பூட்டவில்லை. சைக்கிளை எடுத்தார்.

போத்தனூர் வரை திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் சத்தமும் இல்லை. சொந்தத் தெருவின் மத்தாப்பு வெளிச்சத்தைப் பார்த்ததும்தான் மூச்சு வந்தது. பக்கத்து வீட்டு பழனாத்தாள் வாசலில் கம்பி மத்தாப்போடு நின்றாள்.

"ஏனுங்க பாய், ஊடு நெறைய ஒரம்பரை சனத்தை வரச்சொல்லிப்போட்டு நீங்க பாட்டுக்கு இவ்வளவு நேரங்கழிச்சு வர்றீங்க?"

குத்தூஸ் தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். காலையில் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது.

"பூட்டுன ஊட்டுல எப்படிப் போனாங்கன்னு தெரியலீங்க. சன்னல்ல எட்டிப் பாத்தா உள்ள நிக்கறாங்க. உக்காருங்கன்னு நாஞ்சொன்னேன். யாரும் உக்காரல. நீங்கதான் கூப்பிட்டீங்களாமா."

"பொம்பளைங்க இருக்காங்களா?"

"இருக்காங்களே."

"நீலச் சேலையில ஒருத்தரு?"

"இருட்டுல நெறம் எங்கீங்க தெரியுது."

திரும்பி ஓடியிருக்கலாம். ரயில் ஸ்டேஷனில் விடியும்வரை உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்கு நடுவே அவளும் இருந்துவிட்டால்?

பூட்டைத் திறந்தார். உள்ளே போனார். கதவு அவருக்குப் பின்னால் மெல்லச் சாத்திக்கொண்டது.

விளக்கு எரியவில்லை. தீக்குச்சியைக் கிழித்தார்.

சுவருக்குச் சுவர் நின்றார்கள். தோளோடு தோள். பஸ் வரக் காத்திருப்பவர்களைப் போல. தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு காலில் மட்டும்தான் செருப்பு.

முகம் முகமாகத் தேடினார். குச்சி சுட்டது. இன்னொன்று கிழித்தார். ஒரு சிறுவன். ஒரு கிழவர். ஒரு பெண். அவளில்லை. இன்னொரு பெண். அவளும் இல்லை.

கடைசிக் குச்சி.

ஜாஹிதா வரவில்லை.

நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். முன்னால் நின்ற பெண் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"வாங்க" என்றாள்.